சப்ளை செயின் பயிற்சி: பாதி அருமை, பாதி தண்டம்

ஒரு பயிற்சி நிறுவனத்தை வரவழைத்து, பர்ச்சேஸ், குடோன், விற்பனை, டிஸ்பாட்ச் என்று எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து எங்கள் ஆபீசில் சப்ளை செயின் பயிற்சி கொடுத்தார்கள். பெயர் வேண்டாம். இப்படி ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காகத்தான் இது.

அருமையான பகுதி பீர் கேம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1960களில் உருவான விளையாட்டு. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நான்கு பேர், ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும்தான் போகும். கையில் தேங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் வாரம் அரை டாலர் செலவு, கொடுக்க முடியாமல் பாக்கி நிற்கும் பெட்டிக்கு ஒரு டாலர். சரக்கு தாமதமாக வரும் என்று தெரிந்திருந்தும், ஏற்கெனவே போட்ட ஆர்டர் வழியில் இருப்பதை மறந்துவிட்டு எல்லோரும் மேலே மேலே ஆர்டர் போட்டார்கள். கடைசியில் தொழிற்சாலையில் உட்கார்ந்திருந்த விற்பனைக்காரர், வாடிக்கையாளர் தாறுமாறாக வாங்கியிருப்பார் என்று சத்தியம் செய்யாத குறை. சீட்டைத் திறந்தால், வாரம் 4 பெட்டி ஒரே ஒருமுறை 8 ஆகி அப்படியே நின்றிருக்கிறது! கடையில் வரும் சின்ன மாற்றம் மேலே போகப் போகப் பெரிதாகும் இதற்குப் பெயர் புல்விப் எஃபெக்ட் (சாட்டை விளைவு) என்று அப்புறம் சொன்னபோது யாருக்கும் விளக்கமே தேவைப்படவில்லை. விற்பனையும் பர்ச்சேஸும் ஒருவரையொருவர் குறை சொல்லாமல் பேசியதை அன்றுதான் பார்த்தேன்.

சரக்கு வர்த்தகத்தில் எந்தச் செலவும் ஆபத்தும் யார் பொறுப்பு என்று சொல்லும் சர்வதேச விதிகளான இன்கோடெர்ம்ஸ் பற்றிய வகுப்பும் விஷயமுள்ளதுதான். சிஐஎஃப் (காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்ந்த விலை) என்றால் சரக்கு நம் துறைமுகம் வரும்வரை விற்பவர் பொறுப்பு என்றுதான் எங்களில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். கப்பல் கட்டணமும் காப்பீடும் அவர் கட்டுகிறார், உண்மை. ஆனால் ஏற்றும் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏறியதுமே சேதத்தின் ஆபத்து வாங்குபவர் தலையில். கன்டெய்னர் சரக்குக்கு எஃப்ஓபியை (கப்பலில் ஏற்றும்வரை விற்பவர் பொறுப்பு) விட எஃப்சிஏ (வாங்குபவர் சொல்லும் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைக்கும்வரை மட்டும்) ஏன் பொருத்தம் என்பதையும் பயிற்சியாளர் நன்றாகவே விளக்கினார். ஆனால் ஸ்லைடில் டிஏடி (டெர்மினலில் இறக்கிக் கொடுப்பது) என்ற பழைய விதி இன்னும் இருந்தது, அது 2020 பதிப்பிலேயே டிபியு ஆகிவிட்டது, சுட்டிக்காட்டியதும் "கான்செப்ட் ஒன்றுதான்" என்று கடந்து போனார். பயிற்சிக்குக் காசு வாங்குகிறவர் ஸ்லைடையாவது திருத்தக் கூடாதா?

மற்றதெல்லாம் தண்டம். வருடக்கணக்காகக் குடோனில் முதலில் வந்ததை முதலில் அனுப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு ஃபிஃபோ என்றால் என்ன என்று ஸ்லைடு வாசித்துக் காட்டினார்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு ஆர்டர் போட்டால் செலவு குறையும் என்று சொல்லும் ஈஓக்யூ சூத்திரத்தில் எண்ணைப் போட்டுக் கணக்கு போட வைத்தார்கள், தேவை சீராக இருக்கும் என்ற அனுமானத்தில்தான் அது நிற்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. சேஃப்டி ஸ்டாக் (தட்டுப்பாடு வராமல் கூடுதலாக வைக்கும் சரக்கு) கணக்கில் லீட் டைம் (ஆர்டர் போட்டுச் சரக்கு வரும்வரை ஆகும் காலம்) மாறவே மாறாது என்று வைத்துக்கொண்டார்கள். எங்கள் சப்ளையர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். எங்கள் ஸ்டாக் ரிப்போர்ட்டை முன்கூட்டியே அனுப்பியிருந்தோம், யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. முடிவில் கொடுத்த சான்றிதழ் வெறும் வருகைப் பதிவு, சிபிஐஎம், சிஎஸ்சிபி மாதிரி பரீட்சை எழுதி வாங்கும் சப்ளை செயின் சான்றிதழ்களோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வாங்குவதாக இருந்தால், உங்கள் டேட்டாவை வைத்துப் பயிற்சி கொடுப்பார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், இன்கோடெர்ம்ஸ் ஸ்லைடை முதலிலேயே கேட்டுப் பாருங்கள். கேமை மட்டும் தனியாக நடத்தித் தருவீர்களா என்று கேட்டோம், பேக்கேஜாகத்தான் தருவார்களாம். பேப்பரும் கொஞ்சம் டோக்கனும் இருந்தால் போதும் என்பதால், அடுத்த பேட்சுக்கு நாங்களே நடத்தப் போகிறோம்.