கருப்பாயி அம்மா வாழ்க்கை வரலாறு: பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்

நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி அம்மா 2025 ஜூன் மாதம் 99 வயதில் மறைந்தார். 'ஆண் பாவம்' படத்துப் பாட்டியாகத்தான் பலருக்கும் அவரைத் தெரியும். எங்கள் வீட்டில் அப்படியில்லை. என் அம்மா நடவுக்குப் போனவர். அந்தக் குரல் கேட்டால் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

அதனால்தான், அவரது வாழ்க்கை வரலாறு என்று ஒரு புத்தகம் கண்ணில் பட்டதும் போனிலேயே பணம் அனுப்பி வரவழைத்தேன். 300 ரூபாய். அட்டை நன்றாக இருந்தது. உள்ளே முதல் 28 பக்கம் வாழ்த்துரையும் அணிந்துரையும். 23ஆம் பக்கத்தில் இருந்த பத்தி 61ஆம் பக்கத்தில் மறுபடியும் வருகிறது, எழுத்துப்பிழையோடு.

அச்சுப்பிழையைக்கூட விட்டுவிடலாம். படத்துக்கு முன்பே அவர் மதுரை வானொலி நிலையத்தில் பாடினாராம். 'ஆண் பாவம்' வந்தது 1985இல். மதுரை நிலையம் தொடங்கியதே 1987இல்! சிவகங்கை மாவட்டத்தில் பிறந்தார் என்றும் எழுதியிருக்கிறார்கள். அவர் பிறந்தபோது அப்படி ஒரு மாவட்டமே கிடையாது. 1985 வரை எங்கள் பக்கம் முழுக்க ராமநாதபுரம் மாவட்டம்தான். கொல்லங்குடிக்கு ஒருமுறை போய் வந்திருந்தால்கூட யாராவது ஒரு பெரியவர் சொல்லியிருப்பார்.

கண் சரியாகத் தெரியாத அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். 'ஒப்பாரி' என்று தலைப்புப் போட்டு நாலு வரி இருந்தது. இரண்டாவது வரியிலேயே அம்மா நிறுத்தினார்.

"ஏண்டா, நாத்து முடி எத்தனைன்னு எண்ணுது அந்தப் பாட்டு. எழவு வீட்டுல நாத்து முடி எங்கிட்டு இருந்து வந்துச்சு? இது நடவுப் பாட்டுடா."

ஏட்டில் இல்லாமல் வாயிலேயே வாழ்ந்த பாட்டு இது. அவரைப் பற்றிய புத்தகத்தில் பாட்டுத்தானே இருக்க வேண்டும்? மொத்தமே மூன்று பாட்டு. அதுவும் பாதியில் புள்ளி புள்ளியாக வைத்து விட்டிருக்கிறார்கள். யாரிடம் கற்றார், எந்தப் பாட்டை எப்போது பாடுவார், எதையும் அவரிடம் கேட்டதாகவே தெரியவில்லை.

பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். "அடுத்த பதிப்புல பாத்துக்கலாம் சார், வித்த புத்தகத்தத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்று வைத்துவிட்டார்கள்.

அவர் மறைந்த பிறகு இப்படி இன்னும் சில வரலாம். எந்தப் புத்தகமானாலும் சரி, கடையில் கையில் எடுத்துப் பாருங்கள். பாட்டு முழுதாக இருக்கிறதா, இவர் சொன்னது, இந்த ஊரில் கேட்டது என்று குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் வாழ்த்துரையும் சினிமாப் படங்களுமாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

அந்த 'ஒப்பாரி'யை அடித்துவிட்டேன். அம்மா தனக்குத் தெரிந்த நடவுப் பாட்டைச் சொல்லச் சொல்ல, அதே பக்கத்து ஓரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினொரு வரி வந்திருக்கிறது.