கல்லை உடைத்துக் கத்தி செய்யப் பழக எது தோது: பாட்டிலின் அடிப்பாகமா, கக்கூஸ் பீங்கானா, ஆற்றுக் கல்லா, ஆப்சிடியனா?

மலேசியாவில் பேராக் மாநிலத்து எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் சிக்கிமுக்கிக் கல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீடியோவில் வெள்ளைக்காரர் ஒருவர் மடியில் தோலை விரித்துக்கொண்டு மான் கொம்பால் தட்டித் தட்டி இலை மாதிரி ஒரு அம்பு முனையை எடுத்துக் காட்டியதைப் பார்த்துவிட்டு, மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போன ஆள் நான். ஒரு கோணி நிறையப் பொறுக்கி வந்தேன். பாதி கருங்கல், மீதி வெங்கச்சாங்கல். எதைத் தட்டினாலும் ஒன்று மாவாக உதிர்ந்தது, இல்லையென்றால் அதன் இஷ்டத்துக்குப் பிளந்தது. வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர். “அம்மிக்கல்லை வெச்சிக்கிட்டு கத்தி செய்யுறேங்கிறியேடா” என்றார்.

அவர் கிண்டலாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். லயங்களில் அப்போதெல்லாம் அம்மி கொத்த ஆள் வருவார், உளியை எங்கே வைக்கிறாரோ அங்கே மட்டும் பொடிப் பொடியாகப் பெயரும். கருங்கல்லில் படிகங்கள் கன்னாபின்னாவென்று கிடப்பதால் அடியின் வேகம் அதே இடத்தில் செத்துவிடுகிறது. கத்திக்கு இதற்கு நேர் எதிரான கல் வேண்டும். ஓரத்தில் கொடுத்த அடி கல்லுக்குள் வழுக்கிக்கொண்டு தூரம் ஓடி, ஒரு மெல்லிய சில்லைக் கழற்றிக்கொண்டு வெளியே வர வேண்டும். சின்ன வயதில் லாஸ்டிக்கில் (உண்டிவில்லில்) கோலி வைத்து ஜன்னல் கண்ணாடியை அடித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: அடிபட்ட பக்கம் சின்ன ஓட்டை, மறுபக்கம் புனல் மாதிரி அகலம். அந்தப் புனலில் பாதியை ஓரத்தில் வைத்து எடுப்பதுதான் மொத்தத் தொழிலும். சில்லு கழன்ற இடத்தில் கிளிஞ்சல் மாதிரி வரிவரியாக இருந்தால் கல் நல்ல கல். சிக்கிமுக்கி, அதன் உறவுக் கல்லான செர்ட், எரிமலைக் கண்ணாடியான ஆப்சிடியன் எல்லாம் இப்படி உடையும். சாதாரணக் கண்ணாடியும் பீங்கானும்கூட உடையும், நமக்குக் கதவு திறப்பது அங்கேதான்.

என் கட்சியை மறைக்கவில்லை: பழகுகிறவருக்கு பாட்டில் அடிதான், மற்றதெல்லாம் அப்புறம். காசு ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் கண்ணாடி பொய் சொல்லாது என்பது. உள்ளே மடிப்பு கிடையாது, விரிசல் கிடையாது, ஒரே சீர். முனை உடைந்தால் கல்லைத் திட்ட வழியில்லை, தப்பு நம் கையில்தான். ஒட்டுக்கடைகளில் ஸ்டவுட் பாட்டில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள் (என்ன, ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்). அடியை மட்டும் கழற்ற ஒரு வித்தை உண்டு. பாட்டிலுக்குள் ஒரு நீள போல்ட்டைப் போட்டு, சாக்கால் சுற்றி, கையுறையோடு வாயை மூடி மேலும் கீழும் ஓங்கிக் குலுக்கினால் நாலைந்து குலுக்கில் டக்கென்று அடி வட்டமாகக் கழன்று விழும். போல்ட் உள்ளிருந்து அடிக்கிற அடியும் அந்தப் புனல் கணக்குதான்.

இனி கையில் ஒரு தடித்த வட்டக் கண்ணாடி. இதன் ஓரம் சதுரமாக இருக்கும், சதுர ஓரத்தில் சில்லு கழலாது, தொண்ணூறு பாகைக்குக் குறைந்த கோணம் வேண்டும். அதனால் முதல் சுற்று முழுக்க ஓரத்தைத் திருப்புகிற வேலை. இடது உள்ளங்கையில் மடித்த ரப்பர் ஷீட்டை வைக்கிறேன் (வெளிநாட்டில் தோல் வைப்பார்கள், தோட்டத்தில் பிறந்தவனுக்கு ரப்பர் ஷீட்டுக்கா பஞ்சம்), அதன் மேல் கண்ணாடி, அதை நாலு விரலால் அழுத்திப் பிடிக்கிறேன். முதலில் பழைய சாணைச் சக்கரத் துண்டால் ஓரத்தைக் கரகரவென்று தேய்க்க வேண்டும். கூராக்கப் போகிற ஓரத்தை எதற்கு மொட்டையாக்குவது என்று எனக்கும் ஒரு மாதம் புரியவில்லை. தேய்க்காத ஓரம் மெல்லிசு, கருவியின் செப்பு முனையை (கருவி பற்றிப் பின்னால் சொல்கிறேன்) வைத்து அழுத்தினாலே நொறுங்கிவிடும், அழுத்தம் உள்ளே போகாது. தேய்த்தபின் முனையை ஓரத்தில் ஊன்றி, இரண்டு முழங்காலாலும் கைகளை நெருக்கி, உடம்பு பாரத்தை நடுவை நோக்கித் தள்ளி, தள்ளிக்கொண்டே லேசாகக் கீழ்ப்பக்கம் மணிக்கட்டைச் சாய்த்தால் ‘டிக்’. அடிப்பக்கத்திலிருந்து மீன் செதில் மாதிரி ஒரு சில்லு ரப்பர் மேல் கிடக்கும். கண்ணாடியைத் திருப்பி, அந்தச் சில்லு விட்டுப்போன பள்ளத்திலேயே முனையை வைத்து அடுத்த அழுத்து. இப்படி மாற்றி மாற்றி ஒரு சுற்று வந்தால் ஓரம் நெளிநெளியாக ரம்பம் போல் ஆகும். மறுபடி தேய்ப்பு, மறுபடி சுற்று.

பாட்டில் அடியின் ஒரே தொல்லை உள்பக்கக் குழி. சில்லு மேடு பிடித்து ஓடும், பள்ளம் வந்தால் பாதியில் நின்று படிக்கட்டு மாதிரி ஒடிந்துவிடும், அந்தப் படியை அப்புறம் தாண்டவே முடியாது. சதுரப் பாட்டில்களின் அடி கொஞ்சம் தட்டை, அது கிடைத்தால் விடாதீர்கள். இருபது பாட்டில் அடிகளுக்கு மேல் வீணாக்கிய பிறகுதான் எனக்கு அம்பு முனை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்று வந்தது.

பாட்டிலில் செய்தால் அது போலி என்று சொல்லும் தூய்மைவாதிகளுக்கு ஒரு வார்த்தை. கலிபோர்னியாவில் யாஹி மக்களில் எஞ்சியிருந்த இஷி என்பவர் 1911-ல் ஓரோவில் ஊருக்கு வந்து சேர்ந்தார், 1916-ல் இறக்கும்வரை சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் அவர் செய்து காட்டிய அம்பு முனைகளில் பல பாட்டில் கண்ணாடி. கருவி இரும்பு. பரம்பரைத் தொழில்காரரே கண்ணாடியைக் கண்டதும் எடுத்துக்கொண்டார், நமக்கென்ன வந்தது?

அடுத்து கக்கூஸ் பீங்கான். சிரிக்காதீர்கள், உலகம் முழுக்கப் பழகுகிறவர்கள் உடைந்த சிஸ்டர்ன் (கக்கூஸ் தண்ணீர்த் தொட்டி) மூடியைத் தேடி அலைகிறார்கள். வீட்டைப் புதுப்பிக்கிற லோரியில் கேட்டால் கிடைக்கும், தட்டையாக இருக்கும், குழித் தொல்லை இல்லை, நீளமான கத்தியே எடுக்கலாம். ஆனால் கண்ணாடியை அழுத்திய கைக்கு இது முரடு, ஒன்றரை மடங்கு பலம் கேட்கும், மேலே இருக்கிற மினுமினுப்புப் பூச்சைச் சில்லுகளாகவே கழற்றித் தீர்க்க வேண்டும், கடைசியில் வரும் கருக்கும் கண்ணாடி அளவுக்குக் கூர் இல்லை. அது செத்த வெள்ளை நிறம் வேறு, சில்லு எதுவரை ஓடியது என்று கண்ணுக்கே தெரியாது. ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதிப் பழங்குடியினர் பாட்டிலிலும் தந்திக் கம்பத்துப் பீங்கானிலும் செய்த ஈட்டி முனைகள் பல்வரிசை வைத்து அவ்வளவு நேர்த்தியாக இருக்கும், எனவே பீங்கானைக் குறை சொல்லவில்லை. என் மணிக்கட்டைத்தான் சொல்கிறேன். இரண்டாம் வருஷம் எடுத்தால் போதும்.

ஆற்றுக் கல்லை முதலில் ஏளனமாகப் பேசினேன், அதற்குப் பிராயச்சித்தம் கோலகங்சார் தாண்டி வடக்கே லெங்கோங்கில் கிடைத்தது. அங்கே கோத்தா தம்பானில் 1938-லேயே தோண்டத் தொடங்கிவிட்டார்கள், 1987-ல் தொல்லியலாளர் சுரைனா மஜிட் தலைமையில் நடந்த அகழாய்வில் ஒரு கல்லாயுதப் பட்டறையே அப்படியே வெளிவந்தது. அடிகல், பட்டடைக்கல், பாதியில் விட்ட கற்கள், சில்லுக் குவியல், எல்லாம் வேலை நடந்த இடத்திலேயே. மேலே தோபா எரிமலைச் சாம்பல், அதை வைத்து சுமார் 74,000 வருஷம் என்று கணக்கு. 2012-ல் அந்தப் பள்ளத்தாக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அந்தக் கற்கால மனிதர்கள் உடைத்தது பெரும்பாலும் குவார்ட்சைட் (மணற்கல் இறுகி ஆன கெட்டிக் கல்) கூழாங்கல், அதாவது நான் தூக்கிப்போட்ட கோணிக்கு ஒன்றுவிட்ட உறவு. தாத்தா பாட்டி ஊர்ப் பக்கமும் இதே கதை: 1863 மே 30-ல் சென்னைப் பக்கத்துப் பல்லாவரத்தில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்த கைக்கோடரியும் குவார்ட்சைட்தான்.

ஆகவே குவார்ட்சைட் உடையும், ஆனால் நாம் கேட்கிற மாதிரி உடையாது. மெல்லிய இலை வடிவ அம்பு முனையை அதில் எதிர்பார்த்து உட்கார்ந்தால் கல்லைவிட மனசு முதலில் உடையும். முட்டை வடிவக் கூழாங்கல் ஒன்றை எடுத்து, அதைவிடக் கெட்டியான உருண்டைக் கல்லால் சாய்வாக ஓங்கி அடித்து மூன்று நாலு பெரிய சில்லு கழற்றினால், ஒரு பக்கம் கைப்பிடியும் மறுபக்கம் கருக்குமாக ஒரு வெட்டுக்கல் வரும். அதைக்கொண்டு மூங்கில் கணுவை வெட்டிப் பார்த்தேன், பத்து நிமிஷத்தில் இறங்கியது. கண்ணாடிக் கத்தி அந்த வேலையில் முதல் அடியிலேயே போயிருக்கும். பழக்கத்துக்கு பாட்டில், நிஜ வேலைக்கு ஆற்றுக் கல், இரண்டையும் ஒரே தராசில் வைத்தது என் ஆரம்பத் தப்பு. லெங்கோங்கில் மட்டும் எதையும் பொறுக்காதீர்கள், உடைத்தும் போடாதீர்கள்.

இந்த மண்ணில் கல் அம்பு முனை ஏன் பெரிதாகப் பேசப்படவில்லை என்று கேட்டால், நம் ஊருக்கு மேலே காட்டில் இருக்கிற தெமியார் பழங்குடி மக்கள் வேட்டைக்கு அம்பு ஊதுகிற குழலைப் பாருங்கள். சீவிய மெல்லிய குச்சியின் நுனியில் ஈப்போ மரத்து விஷப் பால், அவ்வளவுதான். முனை ஆழமாக இறங்கத் தேவையில்லை, விஷம் பார்த்துக்கொள்ளும். ஈப்போ நகரத்துக்கே அந்த மரத்தின் பேர்தான்.

ஆப்சிடியன் இந்தப் போட்டியில் பணக்கார வீட்டுப் பிள்ளை. தீபகற்பத்தில் கிடையாது, பக்கத்தில் என்றால் சுமத்ரா, ஜாவா எரிமலைப் பகுதிகள். அந்தக் காலத்தில் இதற்காக மனிதர்கள் பட்ட பாட்டை நினைத்தால் மலைப்பாக இருக்கும்: சபாவில் செம்போர்னா பக்கத்து புக்கிட் தெங்கோராக்கில் கிடைத்த துண்டுகளில் சில, பாப்புவா நியூகினியின் தலாசேயாவிலிருந்து 3,500 கிலோமீட்டர் அளவுக்குக் கடல் கடந்து வந்தவை. நான் கடல் கடந்தெல்லாம் போகவில்லை, ஆன்லைனில் இரண்டு கட்டி வாங்கினேன், தபால் செலவு கல் விலையைத் தாண்டியது. உடைவது கிட்டத்தட்ட பாட்டில் மாதிரியே, இன்னும் கொஞ்சம் மென்மையாக. கூர்மையில் இதை மிஞ்ச ஆள் இல்லை. அமெரிக்கக் கல்லாயுத ஆய்வாளர் டான் கிராப்ட்ரீ தன் நெஞ்சு அறுவை சிகிச்சைக்குத் தானே கழற்றிய ஆப்சிடியன் தகடுகளை டாக்டரிடம் கொடுத்தார் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்கிற கதை, நிஜமும்கூட. ஆனால் முதல் ஆறு மாதம் பாட்டிலில் செய்கிற அதே தப்புகளைக் காசு கொடுத்துச் செய்வானேன்? என் முதல் கட்டி முழுக்கச் சில்லாகப் போனது. இரண்டாவது அலமாரியில் இருக்கிறது, இன்னும் தைரியம் வரவில்லை.

பேராக்கின் வடபக்கம் செமாங்கோல் பாறைத் தொடரில் செர்ட் உண்டே என்று புவியியல் படித்தவர்கள் கேட்பீர்கள். உண்டு, நண்பர் ஒருவர் கொடுத்த துண்டை முயன்றும் பார்த்தேன். மெல்லிய அடுக்கு, குறுக்கும் நெடுக்கும் விரிசல், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நல்ல துண்டு தேறவில்லை.

கருவியில் எனக்கு சந்தேகமே இல்லை, செம்பு. வயரிங் வேலை செய்கிறவரிடம் தடித்த எர்த் கம்பி ஒரு சாண் வாங்கி, மரக் கைப்பிடியில் இறக்கி, முனையைச் சுத்தியலால் தட்டிக் கூராக்கினால் முடிந்தது. செம்பு மெதுவாக இருப்பதால் ஓரத்தைக் கவ்விப் பிடிக்கும், இரும்பு ஆணி கெட்டி, வழுக்கும், ஓரத்தை நசுக்கும், இஷிக்கு வாய்த்த கை நமக்கில்லை. மான் கொம்பு பாரம்பரியம்தான், ஆனால் காட்டு மான் கொம்பை யாராவது விற்றால் வாங்கி வைத்துச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மூக்கில் கண்ணாடி போடாமல் உட்காரக் கூடாது, சில்லு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று அதற்கே தெரியாது. ரப்பர் ஷீட்டை மறந்த ஒரே நாளில் பெருவிரல் அடியில் இரண்டு தையல் வாங்கினேன். தூசி இன்னும் மோசம். இங்கிலாந்தில் பிராண்டன் ஊரில் துப்பாக்கிக்குச் சிக்கிமுக்கி உடைத்த தொழிலாளிகள் பலர் நுரையீரலில் சிலிக்கா தூசி படிந்தே செத்தார்கள். பாட்டில் கண்ணாடியில் அந்தப் படிகச் சிலிக்கா இல்லை, பீங்கானிலும் குவார்ட்சைட்டிலும் செர்ட்டிலும் உண்டு, பாட்டில் பக்கம் நான் சாய இதுவும் ஒரு காரணம். எதுவானாலும் வெளியில் உட்கார்ந்து, முகக்கவசத்தோடு.

போன மாதம் செய்த பச்சைக் கண்ணாடிக் கத்தியைப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். நகத்தில் வைத்துப் பார்த்தார், லோரி கட்டிய நைலான் கயிற்றில் ஒரு இழுப்பு இழுத்தார், கயிறு இரண்டாகத் தொங்கியது. “உளியைவிடக் கூருதான். பத்து மரம் தாங்குமா?” தாங்காது என்றேன். திருப்பிக் கொடுத்துவிட்டார், ஆனால் சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் காட்ட அவரே வந்து கேட்டு வாங்கிப் போனார்.

சில்லுக் குப்பையை மட்டும் வாய்க்காலில் கொட்டாதீர்கள், பிள்ளைகள் வெறும் காலோடு நடக்கிற இடம். நான் மைலோ டின்னில் நிரப்பிக் கொல்லையில் ஆழமாகப் புதைக்கிறேன். ஒவ்வொரு டின்னிலும் வருஷம் போட்ட ஒரு இருபது சென் காசு கிடக்கும், பின்னால் யாராவது தோண்டி எடுத்துக் கற்காலம் என்று கணக்கெழுதக் கூடாது பாருங்கள்.