ஜப்பானில் ஆசிரியர் வேலை: பள்ளியா, பல்கலைக்கழகமா?

ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகலாமா என்று கேட்பவர்கள் சம்பளத்தைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். எத்தனை வருடம் அங்கே இருப்பதாக உத்தேசம் என்று முடிவு செய்துவிட்டால், எந்த வேலை என்பது பாதி தெளிவாகிவிடும்.

இரண்டு மூன்று வருடம் போதும் என்பவருக்கு ஜெட் திட்டத்தைத்தான் சொல்வேன். வெளிநாட்டவரைப் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியராக அமர்த்த 1987இல் ஜப்பான் அரசு தொடங்கியது. ஏதாவது ஒரு பட்டம் போதும், பி.எட். தேவையில்லை. விமான டிக்கெட் அவர்கள் செலவு. 2025 ஏப்ரல் முதல், முதலாண்டுச் சம்பளம் சுமார் 40 லட்சம் யென். ஆனால் எந்த ஊர் என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். டோக்கியோ கேட்டவருக்கு மலைக்கிராமம் கிடைக்கலாம். அதிகபட்சம் ஐந்து வருடம். எல்லா நாட்டிலிருந்தும் ஆள் எடுப்பதில்லை, ஆகவே உங்கள் நாட்டு ஜப்பான் தூதரக அறிவிப்பைப் பாருங்கள்.

அதே வகுப்பறை, அதே உதவி ஆசிரியர் வேலைக்கு இன்னொரு வழி, ஆள் அனுப்பும் தனியார் நிறுவனங்கள். இங்கே மாதம் இரண்டிலிருந்து இரண்டரை லட்சம் யென்தான் வழக்கம். விடுமுறை மாதமான ஆகஸ்டில் சம்பளத்தைக் குறைக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் ஆகஸ்டுக்கு எவ்வளவு, சமூகக் காப்பீடு உண்டா என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். ஒரே வேலைக்கு இவ்வளவு வித்தியாசம் இருப்பது எனக்கு நியாயமாகவே படவில்லை.

வேலை எப்படி இருக்கும்? நடுநிலைப் பள்ளியில் ஜப்பானிய ஆசிரியர் இலக்கணம் நடத்துவார். நீங்கள் பாடத்தை வாசிக்க, பிள்ளைகள் திரும்பச் சொல்வார்கள். தொடக்கப் பள்ளி வேறு மாதிரி. 2020 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடம் ஆகிவிட்டதால், ஆங்கிலம் பழகாத வகுப்பாசிரியர் பாடத்தை உங்களிடமே விட்டுவிடலாம். மதியம் வெள்ளைத் தொப்பி போட்ட பிள்ளைகளே சாப்பாடு பரிமாறுவார்கள்; பல பள்ளிகளில் நீங்களும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவீர்கள். சைவம் என்றால் கவனம், வெறும் காய்கறி சூப்பிலும் மீன் சாறு இருக்கலாம். டப்பா கட்டிக்கொண்டு போவது நல்லது.

பள்ளி உதவி ஆசிரியர் விசாவுக்கு முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு: 12 வருடமாவது ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும். மீடியம் சர்டிபிகேட்டை ஊரிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அலைய வேண்டாம்.

நீண்ட காலம் தங்க நினைப்பவருக்குத் தனியார் பள்ளியின் நேரடி வேலை மேல். மாகாணக் கல்வி வாரியம் தரும் சிறப்பு ஆசிரியர் உரிமம் கிடைத்தால் சொந்த வகுப்பு, மதிப்பெண் போடும் அதிகாரம் எல்லாம் உண்டு. சனிக்கிழமை வேலையும் கூடவே வரும்.

பல்கலைக்கழகம் தனி உலகம். வெளிநாட்டவரை அரசுப் பல்கலைக்கழகங்களில் முழு ஆசிரியராக நியமிக்க 1982இல்தான் சட்டம் வந்தது. ஆங்கிலம் கற்பிக்கவே பெரும்பாலும் முதுகலைப் பட்டமும் வெளியான கட்டுரைகளும் கேட்பார்கள். பகுதிநேர வேலையில் கணக்கு ‘கோமா’, அதாவது 90 நிமிட வகுப்பு. வாரம் ஒரு கோமாவுக்கு மாதம் 25,000 முதல் 30,000 யென் வரை. பத்து கோமா சேர்க்க இரண்டு மூன்று வளாகங்களுக்கு ரயிலில் ஓட வேண்டியிருக்கும். முழுநேர ஒப்பந்தத்தில் சொந்த அறை, ஆய்வு நிதி எல்லாம் உண்டு. ஆனால் மூன்றிலிருந்து ஐந்து வருடத்தில் முடிந்துவிடும் வேலைகளே அதிகம். நிரந்தரப் பணி அரிது. அதற்குத் துறைக் கூட்டத்தில் பேசுமளவு ஜப்பானிய மொழியும் வேண்டும்.

பள்ளியில் ஐந்து வருடம் இருந்தால் பல்கலைக்கழகக் கதவு தானாகத் திறக்கும் என்று பலர் நம்புகிறார்கள். திறக்காது, தேர்வுக் குழு பள்ளி அனுபவத்துக்குப் பெரிய மதிப்பு தருவதில்லை. அந்த ஆசை இருந்தால் உதவி ஆசிரியராக இருக்கும்போதே தொலைதூர முதுகலையில் சேர்ந்து, கட்டுரை எழுதத் தொடங்கிவிடுங்கள். பல்கலைக்கழக விளம்பரங்கள் ஜேரெக்-இன் தளத்தில் வரும். கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் முந்தைய கோடையிலிருந்தே தேடுங்கள். ஜெட் விண்ணப்பம் இலையுதிர் காலத்தில் திறக்கும், அடுத்த கோடையில்தான் பயணம்.