முட்டிக்கு அஞ்சு ஸ்டார், வார்டுக்கு ரெண்டு

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வலது முட்டியை மாற்றி நாலு மாசம் ஆகிறது. பேர் போடவில்லை. இன்னொரு காலுக்கும் அங்கேதான் போகணும்.

நான் தையல்காரி. 34 வயசில் சரவாங்கி, அதாவது முடக்குவாதம் வந்தது, இப்போது 57. வயசாகித் தேய்ந்த முட்டி வேறு, எங்கள் முட்டி வேறு. மூட்டுச் சவ்வு வீங்கி வீங்கிக் குருத்தெலும்பை அரித்துவிடும். எனக்கு முட்டி உள்பக்கம் சாய்ந்து, காலை நீட்டவே வராது. மிஷினுக்கு மோட்டார் போட்டும் பெடலை அமுக்க முடியவில்லை.

ஆபரேஷனைக் குறை சொல்ல மாட்டேன். மயக்க மருந்து டாக்டர் முதலில் கழுத்தைக் குனியவும் நிமிரவும் வைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முட்டிக்கு வந்தவளுக்குக் கழுத்து எதற்கு என்று சண்டைக்கே போனேன். இந்த நோயில் கழுத்தெலும்பு தளர்ந்திருக்கலாம், தெரியாமல் தலையைச் சாய்த்தால் தண்டுவடம் நசுங்கும் என்றார். அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. கால் நேராகிவிட்டது. தோலில் 26 கிளிப், எல்லாம் ஒரே இடைவெளி. காஜா எடுக்கும் கண்ணுக்கே குறை தெரியவில்லை.

வார்டுதான் கோளாறு. சரவாங்கிக்கான மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை ஞாயிறு மட்டும் போடுவேன். ஆபரேஷனுக்காக நிறுத்த வேண்டாம் என்று வாத டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். திங்கள் காலை நர்ஸ் பொண்ணு அதே மாத்திரையை மறுபடி நீட்டுது. சார்ட்டில் 'தினமும்' என்று ஏறியிருக்கு! தினம் போட்டால் ரத்த அணு குறைந்து உயிருக்கே உலை. நான் கவனித்ததால் தப்பித்தேன். மன்னிப்புக் கேட்டார்கள், சரி. தூக்கக் கலக்கத்தில் முழுங்கியிருந்தால்?

அடுத்து வாக்கர். விரலெல்லாம் கோணிப்போனவள் கம்பியை எப்படிப் பிடிப்பாள்? முன்கையை மேலே வைத்து ஊன்றுகிற வாக்கர் இருக்கிறது. பிசியோ பையனுக்கு அது தெரிந்திருந்தும் ஸ்டாக் இல்லையாம். மூணாம் நாள் என் மகன் வாடகைக்கு எடுத்து வந்தபிறகுதான் பாத்ரூம் வரை நடந்தேன்.

பில்லில் ஏமாற்று இல்லை. மூட்டின் விலையைத் தனியாகக் காட்டி, ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தார்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு கோபால்ட் குரோமியம் என்ற உலோகக் கலவையில் செய்த செயற்கை முட்டிக்கு 54,720 ரூபாய், வரி தனி என்று உச்சவரம்பு வைத்தது. பில் வந்ததும் மூட்டின் விலை போட்ட இடத்தைத் தேடிப் பாருங்கள்.

இடது முட்டிக்குத் தை கழிந்து தேதி. அதே டாக்டர்தான். வாக்கரைத் திருப்பிக் கொடுக்கவில்லை, மாத்திரை டப்பாவில் 'ஞாயிறு' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டேன்.