ஊர்ப் பள்ளிக்கு நிதி திரட்ட ஏற்ற இணையதளம்: எங்கள் அனுபவம்

எங்கள் பகுதியைச் சேர்ந்த, பெரும்பாலும் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர்கள் சிலர், அருகிலுள்ள அரசு தொடக்கப் பள்ளிக்கு நிதி திரட்ட முதலில் நாடியது ஒரு தனியார் தளத்தை. அங்கே ஒவ்வொரு நன்கொடையுடனும் தளத்திற்கான 'டிப்ஸ்' தொகை தானாகவே சேர்க்கப்பட்டிருந்ததை நன்கொடையாளர் ஒருவர் சுட்டிக்காட்டியபோது, நம்பிப் பணம் கொடுத்தவர்களிடம் விளக்கம் சொல்ல நேர்ந்தது எங்களை மிகவும் வருத்தியது.

அதன்பின், தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் இணையதளத்திற்கு மாறினோம். எந்தப் பள்ளிக்கு, எந்தத் தேவைக்குக் கொடுக்கிறோம் என்பதை நாமே தேர்ந்தெடுக்க முடிவதே இதன் பெரும் சிறப்பு. முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் இதன் வழியாகவே பங்களிக்கலாம் என்பதால், அலுவலகத்தில் சக ஊழியர்களிடம் தயக்கமின்றிக் கேட்க முடிந்தது.

வரிச்சலுகை குறித்து ஒரு சொல்: வருமான வரியில் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்குக் கழிவு கிடையாது; புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கோ, எப்படிக் கொடுத்தாலும் இந்தக் கழிவு கிடைக்காது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பணத்தோடு நேரமும் கொடுக்க விரும்புவோர் முதலில் தலைமை ஆசிரியரைச் சந்தியுங்கள். நாங்கள் சுவருக்கு வண்ணம் பூசத் திட்டமிட்டுச் சென்றோம். அவரோ, மாலையில் பிள்ளைகளுடன் அமர்ந்து வாசிக்க ஆள் வேண்டும் என்றார்.