விரலுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று: சொரியாட்டிக் ஆர்த்ரைடிஸ் மருந்துகள் எதிரெதிரே

வலது காலின் இரண்டாவது விரல் வீங்கியபோது மெட்டியைக் கழற்ற முடியவில்லை. சோப்பு, விளக்கெண்ணெய், நூல் சுற்றி இழுப்பது எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் நகைக்கடையில் உட்காரவைத்து வெட்டித்தான் எடுத்தார்கள். அடியிலிருந்து நுனிவரை ஒரே தடிமனில், வேகவைத்து உரித்த சேப்பங்கிழங்கு மாதிரி இருந்தது விரல். மாமியாருக்கு மெட்டி வெட்டுப்பட்ட வருத்தம். எனக்கோ, கணு மட்டும் வீங்காமல் முழு விரலும் ஏன் வீங்குகிறது என்ற குழப்பம்.

அதற்கு முன் போன மூன்று இடங்களில் சிக்குன்குனியா மிச்சம், யூரிக் ஆசிட், வயசு என்று மூன்று பெயர் கிடைத்திருந்தது. முழங்கையில் பன்னிரண்டு வருடமாக இருந்த செதில் படையையும், நகத்தில் ஊசி குத்தினாற்போல் இருந்த குழிகளையும், அந்த விரலையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர் நான்காவதாகப் போன வாத நோய் டாக்டர்தான். செதில் படை (சொரியாசிஸ்) உள்ளவர்களுக்கு வரும் மூட்டு அழற்சி இது, சொரியாட்டிக் ஆர்த்ரைடிஸ் என்றார். முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்ஏ ஃபேக்டர் எனக்கு நெகட்டிவ். இந்த நோயில் பெரும்பாலும் அப்படித்தான் வருமாம்.

நாலு வருடத்தில் இது விரல், குதிகால், கண், முதுகு என்று உடம்பில் ஒரு வலம் வந்துவிட்டது. அதனால் "எந்த மருந்துக்கா நல்லா கேக்குது?" என்று யாராவது விசாரித்தால், "உனக்கு இப்போ எங்கே வலிக்குது?" என்றுதான் திருப்பிக் கேட்கிறேன்.

மெத்தோட்ரெக்ஸேட்: மாத்திரையா, ஊசியா?

பெரும்பாலோர் தொடங்குவது இதில்தான். வாரத்துக்கு ஒரே நாள். ஒரு வாரத்து மாத்திரைச் செலவு ஹோட்டலில் ஒரு டிபன் சாப்பிடுவதைவிடக் குறைவு. விரல் மூட்டுக்கும் தோலுக்கும் சேர்ந்தே கேட்கும். ஆனால் பொறுமை வேண்டும். ஆறு வாரத்துக்கு முன்னால் ஒன்றும் தெரியாது, முழுப் பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகும்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். முதல் மாதம் மருந்துக் கடைத் தம்பி, கை பழக்கத்தில், அட்டையின் பின்னால் 1-0-1 என்று எழுதிக் கொடுத்துவிட்டான். காலையும் ராத்திரியும் தினமும் என்று அர்த்தம். வாரம் ஒருமுறை போட வேண்டியதைத் தினமும் போட்டு உயிரே போனவர்கள் உண்டு. டாக்டர் சீட்டில் "ஞாயிறு மட்டும்" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்ததால் தப்பித்தேன். உங்கள் அட்டையிலும் கிழமையை எழுதிவையுங்கள்.

மாத்திரைக்கு என் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிறு ராத்திரி போட்டால் திங்கள் முழுக்கக் குமட்டல். ஆறாம் மாதம் சனிக்கிழமை மாலையிலேயே, அட்டையைப் பார்த்ததும் வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது. அதே மருந்தைத் தோலுக்கடியில் ஊசியாக மாற்றினார் டாக்டர். குமட்டல் பாதியானது. இன்னொரு லாபமும் இருக்கிறது: 15 மில்லிகிராமைத் தாண்டினால் மாத்திரையாகப் போடுவதைக் குடல் முழுசாக உறிஞ்சுவதில்லை, ஊசியில் அந்தக் கஷ்டம் கிடையாது. குத்திக்கொள்ளப் பயமில்லை என்றால் ஊசிக்கே என் ஓட்டு. இரண்டிலும் ரத்த அணுக்கள், ஈரல் பரிசோதனை தவறக் கூடாது. மது ஆகாது. பிள்ளை பெறும் திட்டம் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

கூடவே செவ்வாய்க்கிழமை போடச் சொல்லித் தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரைக்கு ஒரு சென்னைக் கதை உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுதான் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதை எதிர்த்து வேலை செய்யும் மெத்தோட்ரெக்ஸேட்டும் அதே இடத்தில் பிறந்ததுதான். ஞாயிறு மருந்தும் செவ்வாய் மாத்திரையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்தபின், அட்டைமேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

குறை என்னவென்றால், முதுகெலும்புக்கு இது உதவாது. குதிகால் நாண் ஒட்டும் இடத்து வலிக்கும் அவ்வளவாகக் கேட்கவில்லை. இரண்டாம் வருடம் விடியற்காலை மூன்று மணிக்கு முதுகு விறைத்து எழுப்பத் தொடங்கியது. படுத்தால் கூடும், எழுந்து நடந்தால் குறையும். சாதாரண முதுகுவலி இதற்கு நேரெதிர்.

இரண்டு புது மாத்திரைகள்

அப்ரெமிலாஸ்ட் 30 மில்லிகிராம், தினம் இருவேளை. முதல் ஐந்து நாளும் 10-இல் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டாம், டிபி பரிசோதனை கட்டாயமில்லை. சாதுவான மருந்து. சாது என்பதாலேயே பலமும் குறைவு. தோல் அரிப்பு அடங்கியது, குதிகால் சற்றுப் பரவாயில்லை, முதுகு அப்படியே. பேருந்தில் ஏறவே பயப்படும் அளவுக்கு வயிற்றுப்போக்கு, மூன்று மாதத்தில் நாலு கிலோ இறக்கம். மூட்டு லேசாகவும் தோல் தொல்லை அதிகமாகவும் இருப்பவர்களுக்குப் பொருந்தலாம்.

டோஃபாசிடினிப் 5 மில்லிகிராம், இதுவும் இருவேளை. மூட்டு, குதிகால் இரண்டிலும் அப்ரெமிலாஸ்டைவிடக் கை ஓங்கியது. இந்தியக் கம்பெனிகளே தயாரிப்பதால் ஊசிகளோடு ஒப்பிட்டால் மலிவு. ஆனால் 2021-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாரடைப்பு, ரத்தக்கட்டி, புற்றுநோய் குறித்துக் கடும் எச்சரிக்கை போட்டது. அதற்கு அடிப்படையான ஆய்வில் இருந்தவர்கள் முடக்குவாதக்காரர்கள், 50 வயதைத் தாண்டி ஏதாவது ஒரு இதய ஆபத்துக் காரணியும் உள்ளவர்கள். எனக்கு 52. சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு. "உங்களுக்கு இது வேண்டாம்மா" என்று டாக்டர் பேச்சை முடித்துவிட்டார். முப்பது வயதில் வேறு நோயில்லாத ஒருவருக்கு இதே கணக்கு வேறு மாதிரி வரும். அக்கி வர வாய்ப்பு கூடும் என்பது மட்டும் எல்லோருக்கும் பொது.

அடாலிமுமாப், செகுகினுமாப்

உண்மையான போட்டி இங்கேதான். இரண்டும் ஊசி. இரண்டும் விரல், குதிகால், முதுகு மூன்றுக்கும் கேட்கும். செலவு, இங்கேதான், ஆயிரங்களுக்குத் தாவுகிறது. முதலாவது 40 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒன்று. அதன் இந்தியப் பதிப்பு 2014 முதலே கிடைக்கிறது. இரண்டாவது தொடக்கத்தில் வாரம் ஒன்றாக ஐந்து, பிறகு நாலு வாரத்துக்கு ஒன்று.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வு 2020-இல் வெளியானது. 853 நோயாளிகள், ஒரு வருடம். மூட்டில் 20 சதவீதமாவது முன்னேறியவர்கள் செகுகினுமாபில் 67 சதவீதம், அடாலிமுமாபில் 62. அந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. தோல் ஏறக்குறைய சுத்தமானவர்கள் செகுகினுமாபில் 65 சதவீதம், அடாலிமுமாபில் 43. அங்கே இடைவெளி பளிச்சென்று தெரிகிறது. செதில் படை உடம்பு பூராவும் பரவியிருந்தால் நான் யோசித்திருக்கவே மாட்டேன், செகுகினுமாப்தான்.

என் விஷயத்தில் தீர்ப்பு சொன்னது கண். முந்தின வருடம் ஒரு கண் சிவந்து, வெளிச்சம் கூசி, மெட்ராஸ் ஐ என்று நினைத்து மூன்று நாள் வீணாக்கினேன். அது கண்ணுக்குள் வந்த அழற்சி. அதற்கு அடாலிமுமாப் உதவும், மற்றது உதவும் என்று சொல்ல முடியாது. குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கும் செகுகினுமாப் ஆகாது.

அடாலிமுமாபின் பலவீனம் டிபி. உள்ளே தூங்குகிற கிருமியை எழுப்பிவிடும், நம் ஊரில் அது சின்ன விஷயமில்லை. டிபி இருக்கிறதா என்று பார்க்க முன்கையில் போட்ட மாண்டூ ஊசி இரண்டாம் நாள் எட்டணா அகலத்துக்குத் தடித்து நின்றது. எக்ஸ்ரே சுத்தம். ஆனாலும் டிபி மாத்திரையான ஐசோனியசிட் தொடங்கி ஒரு மாதம் கழித்துத்தான் முதல் ஊசி. செகுகினுமாபில் இந்த ஆபத்து குறைவு என்றாலும் பரிசோதனையிலிருந்து விலக்கு கிடையாது. காய்ச்சல் வந்தால் எந்த ஊசியானாலும் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெருமுனை கிளினிக்கில் போடும் ஸ்டீராய்டு ஊசி அன்றைக்கே ஓட வைக்கும். மாத்திரையாகத் தொடர்ந்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் படை சீழ்க் கொப்புளமாக வெடிக்கவும் கூடும். வெட்பாலைத் தைலம் வேறு ரகம். இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் கத்திரிப்பூ நிறத்துக்கு வரும். முழங்கைச் செதிலை மிருதுவாக்குகிறது, தலையணை உறையைக் கறையாக்குகிறது, மூட்டுக்கு அதனிடம் ஒன்றும் இல்லை.

ஊசி தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. காலை விறைப்பு இரண்டு மணி நேரமாக இருந்தது, பால் காயும் நேரத்துக்குள் விட்டுவிடுகிறது. முழங்கைப் படை பாதிதான் போயிருக்கிறது. மறுபக்கத்து மருந்தில் இன்னும் போயிருக்குமோ என்று சில நாள் தோன்றும். இப்போதைக்கு இழுபறி வேறொன்றில்: மெத்தோட்ரெக்ஸேட்டை விட்டுவிடலாமா? செகுகினுமாப் என்றால் அது தனியாகவே ஓடும். அடாலிமுமாபை உடம்பு அந்நியன் என்று கண்டுகொண்டு எதிர்க்கத் தொடங்காமலிருக்க மெத்தோட்ரெக்ஸேட் துணைக்கு நிற்கிறது என்கிறார் டாக்டர். 15-ஐ 10 ஆக்கிப் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம். அதுவரை ஞாயிறு ராத்திரி ஊசி தொடர்கிறது, செவ்வாய் மாத்திரையும்.