சி.எம்.சி. பக்கம் ஒரு லாட்ஜ்: எந்த ரூமில் தூக்கம் வரும்?

வேலூர் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் ரூம் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் இல்லை. சி.எம்.சி.யில் உடம்பைக் காட்ட வந்தவர்கள், இல்லையென்றால் அவர்களுக்குத் துணையாக வந்தவர்கள். காலையில் வெறும் வயிற்றில் போய் ரத்தம் கொடுக்கணும், அப்புறம் ஸ்கேனுக்கு வரிசை, அது முடிந்து டாக்டரைப் பார்க்க உட்கார்ந்தால் எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்ட நாளுக்கு முந்தைய ராத்திரி ஒழுங்காகத் தூங்கினோமா என்பதுதான் லாட்ஜைப் பற்றிய முதல் கேள்வியாக இருக்கணும். ஆனால் இந்தப் பக்கத்து லாட்ஜ்களைப் பற்றி எழுதுகிறவர்கள் 'சுத்தமா இருக்கு', 'ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிடலாம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதனால் நான் தூக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நாங்கள் சிதம்பரம் பக்கம். அம்மாவின் செக்கப்புக்காக வரும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்புறச் சந்து ஒன்றில் இருக்கும் அதே லாட்ஜில்தான் தங்குகிறோம். பெயரைப் போடவில்லை, ஏனென்றால் கீழே சொல்லும் குறைகள் அந்த ஒரு லாட்ஜுக்கு உரியவை இல்லை. அந்தப் பக்கம் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் ஏறக்குறைய இதே அமைப்புதான்: நாலு மாடி, நடுவில் குறுகலான காரிடார், இரண்டு பக்கமும் ரூம், மேலே தண்ணீர் டேங்க். இங்கே ஏசி இல்லாத டபுள் ரூம் 700 ரூபாய், ஏசி 1,300. அதே லாட்ஜில் மொட்டை மாடிக்கு நேர் கீழேயும், ரோட்டுப் பக்கத்திலும், பின்பக்கத்திலும் படுத்துப் பார்த்தாகிவிட்டது. ஒரே வாடகை, ஒரே கட்டில், ஒரே மெத்தை, ஆனால் தூக்கம் ஒன்றல்ல. நல்ல லாட்ஜ் எது என்று தேடுவதை விட, எடுக்கும் லாட்ஜில் எந்த ரூம் என்று கேட்டு வாங்குவது முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

மேல் மாடியிலிருந்து ஆரம்பிக்கிறேன். சித்திரை, வைகாசியில் வேலூருக்கு வந்தவர்களுக்கு அந்த வெயில் தெரியும். சுற்றிலும் பாறை மலை, எங்கள் ஊர் மாதிரி சாயங்காலம் கடல் காற்று வந்து ஆற்றிவிட்டுப் போவதும் இல்லை, 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் வந்துகொண்டே இருக்கும். பகல் முழுக்கக் காய்ந்த மொட்டை மாடி கான்கிரீட், அந்தச் சூட்டை ராத்திரியில்தான் கீழே இறக்கும். வெளியே பதினொரு மணிக்குக் கொஞ்சம் தணிந்திருக்கும், ரூமுக்குள் தணியாது, ஃபேனைப் போட்டால் மேலே சேர்ந்திருக்கும் அனலைத்தான் நம் மேல் தள்ளும். தூக்கம் பிடிக்க உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்கணும், சுற்றிலும் சூடாக இருந்தால் அது இறங்காது. அதனால்தான் கண் எரிந்தாலும் தூக்கம் வராமல் புரண்டுகொண்டே இருக்கிறோம். போதாததற்கு லிஃப்ட் மோட்டாரும் அந்த மாடியின் தலைமேல்தான், யாராவது லிஃப்டில் ஏறினாலே சுவர் அதிரும். மேல் மாடி ரூமைக் காற்றோட்டம் என்று சொல்லித்தான் தருவார்கள். மார்கழி, தை என்றால் சரி. கோடையில் வேண்டவே வேண்டாம்.

ரோட்டுப் பக்க ரூமில் ஜன்னலைத் திறந்தால் காற்று வரும், வெளிச்சம் வரும், கூடவே ஹாரனும் வரும். காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் ஓடும் டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, ஆம்புலன்ஸ் எல்லாம் ஆஸ்பத்திரி வாசல் ரோட்டில்தான். ஆம்புலன்ஸ் சத்தத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், அதில் யாரோ ஒருவரின் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் பஸ்களின் ஏர் ஹாரனுக்கு என்ன அவசியம்? ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டராவது அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அப்படி அறிவித்த இடத்தில் ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 40 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. படுக்கை அறைக்குள் 30 டெசிபலுக்குள் இருந்தால்தான் தூக்கம் கெடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. ரோட்டுப் பக்க ஜன்னலோரம் படுத்தவர்களுக்கு அந்த அளவுக்கும் உண்மைக்கும் உள்ள தூரம் தெரியும்.

காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று எல்லோரும் சொல்வார்கள். தனியாக வருகிறவருக்கு அது நல்ல யோசனை. நோயாளியோடு படுத்திருப்பவர் காதை அடைத்துக்கொண்டு தூங்க முடியுமா? ராத்திரி அம்மா பாத்ரூம் போக எழுந்தால் கேட்கணும், தண்ணீர் கேட்டால் கேட்கணும். அதனாலேயே சத்தம் குறைந்த ரூமாகப் பார்த்து எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கடைசியாகக் கிடைத்தது இரண்டாவது மாடி, பின்பக்கம், காரிடாரின் கோடி ரூம். கேட்டபோது கவுண்டரில் இருந்தவர், "அக்கா, பின்பக்கம் காத்து வராது, எல்லாரும் ரோட்டுப் பக்கம்தான் கேப்பாங்க" என்றார். "பரவாயில்லண்ணே, அதையே குடுங்க" என்று வாங்கிக்கொண்டோம். அவர் சொன்னது பாதி உண்மை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர்தான். ஆனால் மேலே இரண்டு மாடி இருப்பதால் சூடு இறங்கவில்லை, ரோட்டுச் சத்தம் ஏதோ தொலைவில் கேட்கிற அளவுக்குத்தான் வந்தது. போர் மோட்டாரும் பின்பக்கம்தான் இருக்கிறது, ஆனால் இந்த ரூமுக்கு எதிர்க்கோடியில். பின்பக்கம் ரூம் கேட்கும்போது மோட்டார் எங்கே, ஜெனரேட்டர் எங்கே என்று இரண்டு கேள்வியும் சேர்த்துக் கேளுங்கள். ஜெனரேட்டருக்கு மேல் ரூம் எடுத்துவிட்டு ராத்திரி கரண்ட் போனால், ஃபேன் ஓடியும் பயன் இருக்காது.

கோடி ரூம் என்பது இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். லிஃப்டுக்கும் படிக்கட்டுக்கும் பக்கத்து ரூமில் ராத்திரி முழுக்க ஆள் நடமாட்டம் இருக்கும். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். காட்பாடியில் ரயில் வந்து நிற்கும் நேரம்தான் அவர்கள் லாட்ஜுக்கு வரும் நேரம், அது ராத்திரி இரண்டு மணியாகவும் இருக்கும். டைல்ஸ் தரையில் சூட்கேஸ் சக்கரம் உருண்டால் அந்த மாடியே எழுந்துகொள்ளும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து நோயாளியைக் கூட்டி வருகிறவர்கள் அவர்கள். வாரக்கணக்கில் தங்கி ரூமிலேயே சமைத்துச் சாப்பிடும் குடும்பங்களும் உண்டு, விடியற்காலையில் குக்கர் விசில் கேட்கும். லாட்ஜ்காரர்தான் காரிடாரில் ஒரு நீளப் பாயாவது விரிக்கலாம். நான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ரூமுக்குள் போனதும் பெட்டியைக் கட்டில் மேல் வைக்காதீர்கள். முதலில் மெத்தையின் ஓரத் தையலையும் கட்டிலின் தலைமாட்டு இடுக்கையும் போன் டார்ச் அடித்துப் பாருங்கள், பொட்டுப் பொட்டாகக் கறுப்புக் கறை தெரிந்தால் மூட்டைப்பூச்சி. அது ரத்தம் குடிக்காமலே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், 'இந்த ரூம் ரொம்ப நாளா பூட்டியிருந்துச்சு' என்ற சமாதானத்தில் ஏமாறக் கூடாது. நாங்கள் தங்கிய ரூம்களில் இருந்ததில்லை, இதற்காக இந்த லாட்ஜுக்கு நல்ல மார்க் போடலாம்.

மெத்தை ரெக்சின் உறை போட்டது. துடைக்க வசதி என்று ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜ்களில் இப்படித்தான் வைக்கிறார்கள், ஆனால் வியர்வையை உறிஞ்சாது, நடுராத்திரியில் முதுகு ஈரமாகி எழுந்துவிடுவோம். வீட்டிலிருந்து ஒரு ஜமக்காளம் கொண்டுவந்து ரெக்சினுக்கும் பெட்ஷீட்டுக்கும் நடுவில் விரித்தால் அந்தத் தொல்லை போய்விடும். தலையணையையும் வீட்டிலிருந்தே கொண்டு வருகிறோம். புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் சரியாக வராது என்பது வெறும் மனப்பிரமை இல்லை. அப்படிப்பட்ட ராத்திரியில் மூளையின் ஒரு பாதி மற்றதை விடக் கொஞ்சம் விழிப்பாகவே இருக்கிறது என்று அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் சொன்னார்கள். முடிந்தால் அப்பாயின்ட்மென்டுக்கு முதல் நாள் வராமல் அதற்கும் முந்தின நாளே வந்துவிடுங்கள், இரண்டாவது ராத்திரி தூக்கம் நன்றாக இருக்கும். அம்மாவுக்கு ராத்திரி தூங்காத மறுநாள் பிரஷர் ஏறித்தான் காட்டும். தூக்கம் கெட்டால் சர்க்கரையும் கூடலாம். அந்த அளவைப் பார்த்துத்தானே மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்கிறார்கள்? இதனால்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

கதவுக்கு மேல் கண்ணாடி வென்டிலேட்டர் இருக்கிறது, காரிடார் டியூப் லைட் ராத்திரி முழுக்க எரியும், வெளிச்சம் நேராக முகத்தில் விழும். ஒரு தினசரித் தாளும் செல்லோ டேப்பும் போதும். கதவுக்கு அடியில் இருக்கும் சந்தில் டவலைச் சுருட்டி வைத்தால் வெளிச்சம், கொசு, காரிடார் பேச்சு எல்லாம் குறையும். ஜன்னலுக்கு வலை இருக்கிறது, ஆனால் பாத்ரூம் வென்டிலேட்டருக்கு இல்லை, அதனால் சாயங்காலமே பாத்ரூம் கதவைச் சாத்தி வையுங்கள்.

ஏசி ரூம் எடுத்தால் 26இல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓட விட்டால் போதும், பெரியவர்களுக்கு அதற்குக் கீழே குளிர் எடுக்கும். ஏசி காற்று தலைமாட்டில் அடித்தால் தலையணையைக் கால்பக்கம் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான், விடியற்காலையில் கிளம்புகிறவர்கள் முதல் நாள் ராத்திரியே குளித்துவிட்டுப் படுப்பது நல்லது, தூக்கமும் சுகமாக வரும். செக் அவுட் 24 மணி நேரக் கணக்கு, இது பெரிய வசதி, ராத்திரி வந்து சேர்ந்தாலும் மறுநாள் காலையில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். டீ, காபி கேட்டு வரும் பையனைக்கூட 'காலையில தட்டாதப்பா' என்று முதல் நாளே சொன்னால் கேட்டுக்கொள்கிறான்.

ரூம் போடுவதற்கு முன்னால் அப்பாயின்ட்மென்ட் சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துவிடுங்கள், சில பிரிவுகள் இப்போது ராணிப்பேட்டை வளாகத்தில் இருக்கின்றன, அப்படியானால் இந்தச் சந்தில் ரூம் எடுத்துப் பயன் இல்லை. இன்னொன்று, இந்த லாட்ஜில் லிஃப்ட் இருந்தாலும் அதை எட்ட வாசலில் நாலு படி ஏறணும், சாய்தளம் கிடையாது. வீல் சேரில் வருகிறவர்கள் வேறு இடம் பாருங்கள்.